நீர்த்தேக்கத்தில் விட்டுவந்த விடைத்தாள்கள்

விடைத்தாள்களைக் காரில் விட்டுவிட்டு இறங்கக் கூடாது. உதவி விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே என் மண்டையில் ஏற்றப்பட்ட சட்டம் அது. இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூட மீறாத ஒரே சட்டம். அந்தச் சனிக்கிழமை என்னைக் கவிழ்த்ததும் அதுதான்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. பதினொரு வயது மகளைக் கண்டி டவுனில் டியூஷனுக்கு விட்டு, அவள் வரும்வரை காருக்குள் இருந்து நாற்பத்திரண்டு விடைத்தாள்களையும் நான் திருத்தி முடிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. நான் இரண்டாம் பரீட்சகர். முதலாமவர் எப்போதோ தன் வேலையை முடித்துவிட்டார். திங்கட்கிழமை புள்ளிகள் போகாவிட்டால் இறுதி வருடப் பிள்ளைகளின் பெறுபேறுகள் என்னால் நின்றுபோகும். துறைத்தலைவர் இரண்டு தடவை போனில் கோல் எடுத்துவிட்டார். "இந்தக் கிழமை மட்டும் அந்த கெமராவத் தொடாதீங்க," என்று மனைவி கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தாள். நானும் பெரிய மனிதனைப்போலத் தலையாட்டினேன். கெமரா பை முந்தின நாளே கார் டிக்கிக்குள் ஏறியிருந்தது.

வறட்சியில் நீர்த்தேக்கம் வற்றி, அணை கட்டியபோது மூழ்கிப்போன பழைய தெல்தெனிய டவுனின் சுவர்களும் படிகளும் வெளியே வந்திருந்தன. ஞாயிறு மழை என்றார்கள். மழை இறங்கினால் எல்லாம் மறுபடி தண்ணீருக்குள்.

டியூஷன் வாசலில் நான் காரை நிறுத்தவில்லை. "இண்டைக்கு வகுப்பு வேணாம் மகள். பழைய டவுனப் பாத்துட்டு வருவோம்," என்றேன். அவள் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, "சரி வாப்பா," என்றாள்.

சட்டப்படி விடைத்தாள் பையையும் தோளில் மாட்டிக்கொண்டுதான் இறங்கினேன். மகளை ஒரு படியில் உட்காரவைத்து, "இந்த கெமரா பேக்கப் பாத்துக்கங்க, லென்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான் ஈக்கி," என்று சொல்லிவிட்டு நடந்தேன். அதன் பிறகு எனக்கு உலகமே தெரியாது. வெடித்த களிமண்ணில் படுத்தும் முழங்காலிட்டும் படம் எடுத்தேன். மகளிடம் பேசியது ஒன்றே ஒன்றுதான். "கொஞ்சம் அங்கால தள்ளுங்க மகள், படத்துல விழுறீங்க."

ஒன்றரை மணித்தியாலம் கழித்துக் காருக்குத் திரும்பியபோது என் தோளில் கெமரா மட்டும் இருந்தது.

நாற்பத்திரண்டு பிள்ளைகளின் கடைசிப் பரீட்சை. விசாரணை, இடைநிறுத்தம், பத்திரிகையில் செய்தி என்று மனம் எங்கெல்லாமோ ஓடியது. அத்தனை ஆத்திரத்தையும் மகள்மேல் கொட்டினேன். "பேக்கப் பாத்துக்கன்னு நான் உன்கிட்டதானே சொன்ன!"

அவள் அழவில்லை. கெமரா பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். "நீங்க கெமரா பேக்கத்தானே பாக்கச் சொன்ன, வாப்பா," என்றாள்.

எந்தச் சுவரில் வைத்தேன்? எல்லாச் சுவரும் ஒன்றுபோலவே இருந்தன. தேடி அலைந்து மூச்சு வாங்கி நின்றபோது, "படத்துல பாருங்க வாப்பா," என்றாள் மகள். கெமராத் திரையில் படங்களைப் பின்னோக்கித் தள்ளினேன். அறுபது, எழுபது படங்கள். பல படங்களின் ஓரத்தில் அவளுடைய நிழலோ பாவாடை நுனியோ விழுந்திருந்தது. எவ்வளவு தள்ளி நின்றும் அவள் போதிய தூரம் போகவில்லை. கடைசியில் ஒரு படத்தின் வலது மூலையில், உடைந்த வாசற்படிமேல், என் பழுப்புப் பை.

ஓடினோம். நீர்த்தேக்கத்தின் அடியில் மேயவிட்டிருந்த மாடுகளில் ஒன்று பையின் வாரை வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருந்தது. நான் கத்தியதில் அது மிரண்டு விலகியது. வார்தான் போயிருந்தது. தாள்களை மூன்று முறை எண்ணினேன். நாற்பத்திரண்டு. அல்ஹம்துலில்லாஹ் என்று அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்றைக்கூட நான் இன்னும் திருத்தவில்லை என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவேயில்லை. மகளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பதும்தான்.

பல்லேகலயைத் தாண்டி வீடு வரும்வரை அவள் அந்த விடைத்தாள் பையை மடியில் வைத்திருந்தாள்.

மனைவி டியூட்டி முடிந்து எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். வாசலிலேயே என்னைப் பார்த்து, "என்ன, முடிஞ்சா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டாள். "வகுப்பு நல்லம் உம்மா. வாப்பாவும் எல்லாத்தையும் திருத்திட்டாங்க."

குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. தாள்களைத் தேடி ஓடியபோதுகூட வராத பயம் எனக்கு அப்போது வந்தது. இப்படிச் சொல் என்று நான் அவளுக்குச் சொல்லவேயில்லை. அவள் குனிந்து சப்பாத்தைக் கழற்றி, களிமண் ஒட்டிய பக்கம் உம்மாவுக்குத் தெரியாதபடி சுவரோடு திருப்பி வைத்தாள். பிறகு என்னுடையதையும் எடுத்து, அதே மாதிரித் திருப்பி வைத்தாள்.