நகலம்மா பயந்த நாள்

நகலம்மாவுக்குப் பயம் என்பது மூக்குக்கண்ணாடி மாதிரி. காலையில் எழுந்ததும் மாட்டிக்கொள்வாள், படுக்கும்போதுதான் கழற்றுவாள். பல்லியைக் கண்டால் பயம், லிப்ட்டில் ஏறப் பயம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் பயம். நாய் ஒன்று தன்பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தால், அது தூங்குவது மாதிரி நடிக்கிறது என்று எதிர்ப்பக்கம் மாறி நடப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்கு வெளிச்சத்திலேயே தெரியும். இப்படிப்பட்டவள் எப்படிக் கடை வைத்துப் பிழைக்கிறாள் என்று கேட்டீர்களானால், அந்தப் பயத்தை முதலாகப் போட்டுத்தான் பிழைக்கிறாள் என்பேன்.

கடை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. நாலு மாடிக் கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து. உள்ளே போகிறவர்கள் முதல் தடவை தலையில் இடித்துக்கொள்வார்கள், இரண்டாம் தடவை குனிவார்கள். கம்ப்யூட்டரில் விளையாட்டு ஓடவில்லையா, இங்கே கொண்டு வரலாம். படம் வராமல் கறுப்பாக நிற்கும், சத்தம் மட்டும் கேட்கும், பாதியில் உறைந்து போகும், சூடேறிப் பொட்டென்று அணையும். வியாதி நூறு இருந்தாலும் எண்பதுக்கு மருந்து ஒன்றுதான்: பழையதைத் தூக்கு, புதியதைப் போடு. பழைய டிரைவரை எடுத்துவிட்டுப் புது டிரைவர், பழைய பதிப்பை எடுத்துவிட்டுப் புதுப் பதிப்பு. பதினொரு வருஷமாக இதைச் செய்து செய்து, 'புதியது' என்று எங்கே எழுதியிருந்தாலும் அவள் விரல் தானாக அங்கே போகும்.

ஆனால் விரல் போவதற்கு முன்னால் ஒரு சட்டம் உண்டு. தொழில் தொடங்கிய முதல் வருஷம், கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் மூன்று வருஷமாக ஆடி வைத்திருந்ததைத் தெரியாமல் துடைத்துவிட்டாள். அவன் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்றும் பேசாமல் அந்த மாடிப்படியில் உட்கார்ந்து அழுதான். அன்றிலிருந்து, முதலில் நகல், பிறகுதான் விரல். எதிர்க்கடையில் ஜெராக்ஸ் மெஷின் வைத்திருக்கும் அண்ணன், "நகல் எடுக்கறது என் தொழிலும்மா, நீ ஏன் போட்டிக்கு வர்றே?" என்று கேட்டுக் கேட்டு வைத்த பேர்தான் நகலம்மா. புருஷன்கூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறான்.

நாலு நாளைக்கு முன்பு தையல்கார அக்கா தன் கம்ப்யூட்டரைப் பிள்ளையைத் தூக்கி வருவது போல இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வந்தார். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, எடுக்க மறந்துவிட்டார்.

"பண்ணை விளையாட்டும்மா. திறந்தா கறுப்பா நிக்குது. உள்ள டிக்கு டிக்குன்னு சத்தம் வேற."

"டிஸ்க் போயிருக்கும்க்கா. வேற போட்டுடலாம். விளையாட்டுதானே?"

"விளையாட்டு இல்லம்மா அது," என்றார் அக்கா. "என் தம்பி அதுலதான் இருக்கான்."

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் பார்த்தது, யார் பார்க்கவில்லை என்று தொடங்கிய சண்டையில், அக்காளுக்கும் தம்பிக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. ஒரே ஊர், நாலு தெரு தள்ளித்தான் வீடு. ஐந்து வருஷத்துக்கு முன் தம்பி மகள் வந்து, "அத்தை, பொழுது போகும்" என்று இந்த விளையாட்டைப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனாள். மறுவாரம் பார்த்தால், அக்கா நட்டுவைத்த தக்காளிக்கு யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அந்தக் குட்டி, அப்பனுக்கும் அதே கணக்கையே போட்டுக் கொடுத்திருக்கிறாள்! அன்றிலிருந்து மதியம் வெட்டு வேலை முடிந்ததும் அக்கா ஆடுவார். சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை விட்டு வந்து தம்பி ஆடுவார். இவர் பெட்டியில் முட்டை வைத்தால் அவர் எடுத்துக்கொண்டு மீன் வைப்பார். ஒரு சொல் எழுதியதில்லை, ஒரு நாள் தவறியதில்லை.

"அங்க ஒரு குளம் இருக்கும்மா. சின்ன வயசுல அவன் தண்ணில விழுந்து பொழச்சவன். நான் பாட்டுக்குச் சுத்தி வேலி போட்டு வச்சேன். அவனுக்கு மீன் பிடிக்க இடைஞ்சல்தான், சுத்திக்கிட்டுப் போகணும். ஆனா பிடுங்கல பாரு, இன்னிக்கு வரைக்கும் பிடுங்கல."

நகலம்மா சட்டப்படி நகல் எடுக்கப் பார்த்தாள். டிஸ்க் டிக்கு டிக்கு என்றதே தவிர, ஒரு எழுத்தைக்கூடக் கொடுக்கவில்லை. சரி, பண்ணைதான் நெட்டில் கம்பெனிக்காரன் கிடங்கில் பத்திரமாக இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அந்தத் தேற்றல்தான் வினை.

புது டிஸ்க் வந்து சேர நாலு நாள் ஆயிற்று. பகல் மூன்றரை மணிக்கு அதைப் போட்டு, விளையாட்டை ஏற்றினாள். படம் வருகிறதா, சத்தம் வருகிறதா என்று பார்க்க, 'புது ஆட்டம்' என்பதை அழுத்திப் பத்தே வினாடி ஓடவிட்டு மூடினாள். வந்தது. பிறகு அக்காவின் கணக்கை இணைத்தாள். திரையில் ஒரு பெட்டி வந்து கேட்டது: இரண்டு பண்ணைகள் இருக்கின்றன, ஒன்று நேற்று மாலையது, ஒன்று இன்று புதியது, எதை வைத்துக்கொள்ள?

விரல் புதியதை அழுத்தியது.

அழுத்திய பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது. அந்தப் 'புதியது', அவள் சோதனைக்குப் பத்து வினாடி ஓடவிட்ட வெறும் நிலம். திரையில் புல் முளைத்த கட்டாந்தரை கிடந்தது. தக்காளி இல்லை, கோழி இல்லை, குளத்தைச் சுற்றி வேலி இல்லை. நெட்டில் இருந்ததும் இப்போது இதுதான். ஐந்து வருஷம் ஒரு தட்டில் போய்விட்டது.

கம்பெனிக்கு எழுதினாள், மூன்று வேலை நாளில் பதில் தருவோம் என்று இயந்திரம் நன்றி சொன்னது. நன்றியாம், நன்றி! ஆறு மணிக்குத் தம்பி வந்து திறப்பார், கட்டாந்தரையைப் பார்ப்பார். அக்காதான் ஆத்திரத்தில் அழித்துவிட்டாள் என்றுதானே நினைப்பார்? ஒன்பது வருஷத்தில் மிச்சமிருந்த ஒரே நூலையும் நகலம்மா அறுத்துவிட்டாளே.

ஜெராக்ஸ் அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? இன்னிக்குப் பல்லியா, நாயா?"

சொன்னாள். சொல்வதற்குள் இரண்டு தடவை தண்ணீர் குடித்தாள்.

"இவ்வளவுதானே? வரும்போதே டிஸ்க் போயிருந்துச்சு, எல்லாம் அதோட போச்சுன்னு சொல்லிடு. அந்தம்மாவுக்கு என்ன தெரியப்போகுது?"

நகலம்மா யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே யோசித்தாள். உண்மையைச் சொல்லவும் பயம், பொய்யைச் சொல்லவும் பயம். பயந்து பயந்து யோசித்ததில் இன்னொன்று பிடிபட்டது. தம்பியின் கம்ப்யூட்டரில் நேற்று சாயங்காலத்துப் பண்ணை அப்படியே கிடக்கும்! ஆனால் அவர் நெட்டோடு திறந்தால், அடுத்த நிமிஷமே இந்தக் கட்டாந்தரை போய் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். நெட்டைப் பிடுங்கிவிட்டுத் திறந்தால் பிழைக்கும். அதை அவருக்கு ஆறு மணிக்குள் யாராவது சொல்ல வேண்டும். யார்? நம்பர் இவளிடம் இல்லை. நம்பர் இருக்கிற மனுஷிக்கோ அவரோடு பேச்சில்லை. பொய் சொன்னால் அக்காவைத் தம்பிக்குப் போன் போடச் சொல்ல முடியாது. அக்காவின் கடைக்கு ஏழு தடவை போன் அடித்தாள்; தையல் மெஷின் சத்தத்தில் யார் காதில் விழும்?

ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்ன அக்கா ஐந்தே முக்காலுக்குத்தான் வந்தார். குனிந்து உள்ளே வந்தவர், "ஓடுதாம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா, நான் அழிச்சுட்டேன். டிஸ்க் இல்ல, நான்தான். என் கைதான்."

ஒரே மூச்சில் மீதியையும் கொட்டினாள். அக்கா முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும், "அடிப் பாவி!" என்றார். "என்னடி பண்ணி வச்சிருக்கே? அவன் நான்னுதானே நினைப்பான்! நான்னுதான் நினைப்பான்!" என்று இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் போகலக்கா. அவர் வீட்ல இருக்கு. அவர் திறக்கறதுக்கு முன்னாடி நீங்க போன் பண்ணி..."

"நானா?"

"நீங்கதான்க்கா."

"என்னால முடியாதும்மா." அக்காவின் குரல் சிறுத்துவிட்டது. "என் நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டான். எடுத்துட்டு, என் குரலைக் கேட்டு வச்சுட்டான்னா? அதுக்கப்புறம் எனக்கு என்ன இருக்கு?"

ஆறடிப் பொந்தில் இரண்டு பேர் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மணி ஐந்து ஐம்பத்திரண்டு. நகலம்மா தன் போனை நீட்டினாள். அக்கா நம்பரைப் பார்க்காமலே அழுத்தி, போனை அவள் கையிலேயே திணித்தார். ஒன்பது வருஷமாகியும் விரலுக்கு மறக்கவில்லை. ஒலிபெருக்கியில் மணி அடித்தது. அடித்து அடித்து நின்றது. மறுபடி. மூன்றாம் தடவை, ஐந்து ஐம்பத்தெட்டுக்கு எடுத்தார்கள்.

"யாருங்க?"

நகலம்மா வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. தெரியாத ஆளோடு போனில் பேசுவது அவளுக்குப் பல்லியைவிடப் பெரிய பயம். "ஹலோ, யாரு? இப்பதான் வீட்டுக்கு வந்தேன், சிஸ்டம் ஆன் பண்ணிட்டிருக்கேன், அப்புறமா..." என்றது குரல்.

அக்கா போனைப் பிடுங்கினார். "டேய், அதைத் திறக்காதடா! நெட்டு ஒயரைப் புடுங்கு! மொதல்ல புடுங்கு!"

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி உருண்டது, ஏதோ கீழே விழுந்தது. மூச்சு வாங்கியது.

"புடுங்கிட்டேன்," என்றார் தம்பி. அப்புறம், "அக்கா?"

"நான்தான்டா. இப்பத் திறந்து பாரு. என்ன இருக்கு?"

நகலம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். விளையாட்டு திறக்க நாற்பது வினாடி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். எண்ணினாள். முப்பத்தெட்டில் குரல் வந்தது.

"எல்லாம் இருக்கே. கோழி இருக்கு. தக்காளி இருக்கு. குளத்தைச் சுத்தி உன் எழவெடுத்த வேலி இருக்கு."

அக்கா அழத் தொடங்கினார். வாயைப் பொத்திக்கொள்ளவுமில்லை. நகலம்மாவுக்கு அப்போதுதான் குரல் திரும்பியது. நடுங்கிக்கொண்டே, எந்தப் பெட்டியைத் திறப்பது, எதைப் பிடித்துப் பென் டிரைவில் போடுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நகல் ஏறி முடிந்தது. இரண்டாவது நகலும் எடுக்கச் சொன்னாள்.

"அக்கா, இருக்கியா?" என்றார் தம்பி. "நாலு நாளா நீ வரல. உன் பாத்திக்கும் நான்தான் தண்ணி ஊத்தினேன். உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நேத்து ராத்திரி உன் தெரு வரைக்கும் வந்தேன்."

"வந்தியா?"

"வந்தேன். விளக்கு எரிஞ்சுது. சரி, நீ நல்லாத்தான் இருக்கேன்னு திரும்பிட்டேன்."

"வந்தவனுக்குக் கதவைத் தட்டக் கை இல்லையாடா?"

"பயமா இருந்துச்சுக்கா."

பிறகு தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "இந்தப் பென் டிரைவை இப்ப என்ன பண்ணணும்?"

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஜெராக்ஸ் அண்ணன் உதவிக்கு வந்தார். "அது ஒண்ணும் கஷ்டமில்ல, மெயில்ல அனு..."

நகலம்மா அவர் காலை ஓங்கி மிதித்தாள். வாழ்நாளில் ஒரு எறும்பைக்கூடத் தெரிந்து மிதிக்காதவள். அண்ணன் வாயைப் பிளந்தபடி நின்றுவிட்டார்.

"நெட்டு வழியா அனுப்பவே கூடாதுங்க," என்றாள் போனில். குரல் நடுங்கியது, அது எப்போதும் நடுங்குகிற குரல்தானே, யாருக்குச் சந்தேகம் வரும்? "ரொம்ப ஆபத்து. கையிலதான் கொண்டு வரணும். இன்னிக்கே. அக்கா கம்ப்யூட்டரை இப்பவே வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க."

"அக்கா வீட்டுக்கா?"

தையல்கார அக்கா கழுத்திலிருந்த அளவு நாடாவால் கண்ணைத் துடைத்தார். "தெருதான் தெரியும்ல? விளக்கு எரியும். இந்தத் தடவை தட்டுடா."