பேப்பர் வராத இரண்டு நாள்

1962-ஆம் வருஷம் ஐப்பசி மாதம், கோடைக்கானலில் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, 'நமது வெளிநாட்டுக் கொள்கை'. முதல் பரிசு பெறுபவனுக்கு மதுரையில் ஒரு கல்லூரி விடுதியில் இலவசமாகத் தங்கிப் படிக்கச் சிபாரிசுக் கடிதம் தருவதாக விழாத் தலைவர் சொல்லியிருந்தார். பேத்துப்பாறையில் கூலி வேலை செய்யும் எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அந்தக் கடிதம் இல்லையென்றால் எனக்குக் கல்லூரியும் இல்லை.

போட்டியில் நான் பயந்தது ஒருவனுக்குத்தான். என் வகுப்பில் படித்தவன், ஓட்டல் மேனேஜர் மகன். அவன் வீட்டில் ரேடியோ உண்டு. பெரிய தலைவர்களின் குரலை அவன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்பான். நானோ வாசகசாலையில் எல்லாரும் படித்துக் கசங்கிய பேப்பருக்குக் காத்திருப்பேன். அவனுடைய நீல ஸ்வெட்டரைக்கூட எனக்குப் பிடிக்காது. இத்தனைக்கும் அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வடக்கு எல்லையில் உரசல் இருப்பது பேப்பரில் படித்துத் தெரியும். பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று நம்பி, 'எல்லைக்குத் துப்பாக்கி வேண்டாம், பூமாலை கொண்டு போவோம்' என்று முடியும் பேச்சை ஒரு மாதம் மனப்பாடம் செய்தேன். போட்டிக்கு முன்னால் மழையில் பாதை சரிந்து, வத்தலக்குண்டிலிருந்து இரண்டு நாள் பஸ்ஸும் வரவில்லை, பேப்பரும் வரவில்லை. போட்டி அன்று வெள்ளனே பேத்துப்பாறையிலிருந்து கிளம்பி, நடந்தே வந்து சேர்ந்தேன்.

வாசலிலேயே அவன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"ஏலே, ரேடியோல சொல்லிட்டான். சண்டை ஆரம்பிச்சிருச்சு, நம்ம ஆளுக நெறையப் பேரு செத்துட்டாங்களாம். ஒன் பேச்ச வெரசா மாத்திரு."

என்னைக் குழப்பப் பார்க்கிறான் என்றுதான் தோன்றியது. "ஒன் சோலியப் பாருடா" என்று விலகிப் போனேன். பக்கத்தில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவன் சொன்னது நிஜமாக இருந்துவிடுமோ என்ற பயமும் ஒரு காரணம்.

மேடையில் நன்றாகத்தான் பேசினேன். யாரும் ஏன் கைதட்டவில்லை என்று புரியாமல் குரலை இன்னும் உயர்த்தினேன். பூமாலைக்கு வந்தபோது, முன்வரிசையில் இருந்த தபால்காரர் எழுந்தார். ஊருக்கெல்லாம் கடிதம் கொடுக்கிறவர்.

"தம்பி, எம் மகன் அங்கதான் நிக்கிறான். மூணு வாரமா அவங்கிட்டேருந்து கடுதாசி இல்ல. மாலைய யாரு கழுத்துல போடச் சொல்றீக?"

அவர் கோபப்பட்டுக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பேச்சை முடிக்காமலே இறங்கி வந்தேன்.

அடுத்து ஓட்டல் மேனேஜர் மகன் முறை. எழுதி வந்ததை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "இவன் பேசுனதைத்தான் போன வாரம் வரைக்கும் நாம எல்லாருமே நம்பிக்கிட்டு இருந்தோம். பேப்பர் வரலை, இவன் வீட்டுல ரேடியோ இல்லை. கோவிச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தான். எனக்காகப் பேசியே அவன் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. பரிசு மூன்றாவதாகப் பேசியவனுக்குப் போனது.

அப்போதும் எனக்கு நன்றி வரவில்லை. இந்தப் பெருந்தன்மையும் இவனுக்குத்தானா வாய்க்க வேண்டும் என்று வயிறு எரிந்தது.

அவனை அவன் அப்பா கல்லூரிக்கு அனுப்பினார். நான் ஒரு வருஷம் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கிவிட்டு, பிறகுதான் ஆசிரியர் பயிற்சிக்குப் போக முடிந்தது. அதற்கெல்லாம் முன்னால், அந்த வருஷம் மார்கழியில் ஒரு நாள், அவன் பேத்துப்பாறைக்கே மூச்சு வாங்க வந்து நின்றான். "தபால்காரர் மகன் கடுதாசி போட்டுட்டாம்லே. ஆஸ்பத்திரியில இருக்கானாம், உசுருக்குப் பயமில்ல." இந்த முறை உடனே நம்பினேன். இதையும் இவன்தானே முதலில் தெரிந்துகொண்டான் என்று உள்ளே ஒரு முள் குத்தியது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இப்போது கூக்கால் பள்ளியில் எல்லைகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்த வாசல் நினைவுக்கு வருகிறது. பிடிக்காதவன் கொண்டுவந்தான் என்பதற்காக ஒரு செய்தியைத் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்பதை, தேசத்தைப் பற்றிப் பாடம் சொல்வதற்கு முன்னால், நான் எனக்காகவே படித்துக்கொள்ள வேண்டியிருந்தது.