பிரில் வைத்த பனியன்கள்

நேற்று தாதர் கடைத்தெருவில் பனியன் வாங்கப் போனவன், வழக்கம்போல அதை உள்பக்கம் திருப்பி ஓரத் தையலைத் தடவிப் பார்த்தேன். கடைக்காரர் முறைத்தார். எனக்குப் பெண்டாட்டி கிடைத்ததே ஓர் ஓரத் தையலால்தான் என்று அவருக்கு எங்கே தெரியும்!

அறுபதுகளில், தாராவியில் நான் வேலை பார்த்த தையல் பட்டறைக்குப் பழைய ஓவர்லாக் மிஷின் ஒன்று வந்து இறங்கியது. பிசிறை வெட்டிக்கொண்டே ஓரம் தைக்கும் அதிசயம். எங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. கைக்குட்டை, தலையணை உறை என்று அகப்பட்டதற்கெல்லாம் ஓரம் அடித்தோம். முதலாளியின் துண்டுகூடத் தப்பவில்லை. பாப்ளின் துணி சொன்னபடி கேட்டது. நைலான் வழுக்கிக்கொண்டு ஓடியது. மிஷின் எண்ணெய் வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அந்த மிஷினில் உட்கார்ந்தவள் என் அத்தை மகள் சொர்ணம். எனக்கு அவள்மேல் உயிர்; அவளுக்கோ என்னைக் கேலி செய்வதில் உயிர். எங்கள் சடுகுடு அணிக்குப் பனியன் தைக்கும் வேலையை அவளுக்கே வாங்கிக் கொடுத்தேன். சாதா மிஷினில் துணியை இழுத்துப் பிடித்துத் தைத்துப் பழகிய கை, பனியன் துணியையும் அப்படியே இழுத்துவிட்டது. அடி ஓரமெல்லாம் அலை அலையாகச் சுருண்டு, பாப்பா கவுன் மாதிரி பிரில் வைத்துக்கொண்டது.

“ஏலே, இதப் போட்டு ஆடுனா ஊரே சிரிக்கும்லா!” என்று கூட்டாளிகள் பனியன்களை வீசி எறிந்தார்கள். சொர்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எப்போதும் கேலி செய்கிறவள், குனிந்து பனியன்களை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். எனக்கு மனசு பொறுக்கவில்லை. ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினேன். மற்றவர்களும் தலையில் அடித்துக்கொண்டு ஆளுக்கொன்றை மாட்டினார்கள்.

எங்களை எதிர்த்து ஆடிய வடாலா அணியின் சூரன் மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தான். நான் பதுங்கினேன், பிரில் குலுங்கியது. சொன்னால் நம்பமாட்டீர்கள், “சடுகுடு சடுகுடு” பாதியில் அறுந்து, “அரே பாப்ரே!” என்று விழுந்து விழுந்து சிரித்தான். பாட்டு நின்றால் ஆள் அவுட். அடுத்து வந்தவனும் சிரித்தே அவுட்டானான். ஜெயித்தே விட்டோம்!

சொர்ணம் ஓடி வந்தாள். “பாத்தியளா அத்தான், என் தையல்தான் செயிச்சுது!”

“அப்போ தையக்காரியவே கட்டிக்கிடுதேன்.”

“இந்தக் கோலத்துல வந்து கேட்டா மாட்டேன்னா சொல்ல முடியும்?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தக் களத்தின்மேல் கட்டடம் எழும்பிவிட்டது. பட்டறை இருந்த சந்தும் இல்லை. சொர்ணமும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது நான் எந்தக் கோலத்தில் நின்றாலும் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. எல்லோரும் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.