பச்சைப் பின்னும் ஊதாப் பின்னும்

போன வாரம் சேலத்தில், என் அலுவலக மேசையில் இருந்த கீபோர்டும் மவுசும் சொல்லி வைத்ததுபோல் ஒரே சமயத்தில் படுத்துவிட்டன. தட்டினேன், ஆட்டினேன், கவிழ்த்துப் பார்த்தேன். பக்கத்து மேசைப் பெண் தலையைக்கூடத் திருப்பாமல், "பேட்டரி மாத்துங்க மேடம்" என்றாள். மாற்றினேன். ஓடியது. எனக்கு என்னவோ சப்பென்று ஆகிவிட்டது. ஓடியதற்கு யாராவது வருத்தப்படுவார்களா? நான் படுவேன். காரணத்தைச் சொல்கிறேன், சிரிக்காமல் கேட்க வேண்டும்.

மவுசைக் கவிழ்த்தபோது வந்த அந்தச் சூடான பிளாஸ்டிக், தூசி வாசம் இருக்கிறதே, அது என்னை நேராகத் திருச்செங்கோட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. மலையடிவாரத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகம். எனக்கு இருபத்திரண்டு வயது. டைப் அடித்துப் பக்கம் அமைப்பது என் வேலை. அச்சகத்துக்காரர் முத்துசாமி அண்ணன் பத்திரிகைக்குப் பத்திரிகை பிள்ளையார் படத்தை மாற்றுவாரே தவிர வேறு எதையும் மாற்ற மாட்டார். மை வாசமும் மண்ணெண்ணெய் வாசமும் கலந்த அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரின் முதுகில் வட்டமாக இரண்டு ஓட்டைகள் இருக்கும். ஊதா நிறம் கீபோர்டுக்கு, பச்சை மவுசுக்கு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. மாற்றிச் செருகினால் இரண்டுமே வேலை செய்யாது. இந்த உலக ரகசியத்தை நான் தற்செயலாகத்தான் தெரிந்துகொண்டேன். ஆயுத பூஜைக்கு மேசையை நகர்த்தித் துடைத்துவிட்டு, பின்களை மாற்றிச் செருகிவிட்டேன். திரை வந்தது; அம்புக்குறி அசையவில்லை. பயந்துபோய், கம்ப்யூட்டர் விற்ற கடைக்குப் போன் செய்தேன். வந்தவர் ஜெரால்டு.

சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணத்துக்காரர். எங்கள் பக்கத்துப் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' ஒட்டிக்கொள்வதை நினைத்து நினைத்து அவருக்குச் சிரிப்பு வரும். மேசைக்கடியில் படுத்துக்கொண்டு, செய்கிற ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்வார். "முதல்ல நம்பர் லாக் அமுக்கணும். லைட்டு எரிஞ்சு அணைஞ்சா உயிர் இருக்கு. எரியலைன்னா மெஷினை அணைச்சுட்டுப் பின்னைப் பாக்கணும். ரெண்டும் ஒரே சிப்புதான், ஒண்ணு படுத்தா இன்னொண்ணையும் படுக்க வச்சிடும்." யாரிடம் சொன்னார் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள் என்னிடம் மிகவும் மரியாதையாகப் பேசின என்பதுதான்.

இரண்டு வாரம் கழித்து, சத்தியமாக என் கைதான், தானாகப் போய் பச்சையையும் ஊதாவையும் மாற்றிச் செருகிவிட்டது. "ஏனுங்க, ரெண்டும் வேலை செய்ய மாட்டீங்குதுங்க" என்று போனில் சொன்னபோது என் குரல் எனக்கே பாட்டுப் பாடுவதுபோல் கேட்டது. வந்தார், படுத்தார், சரிசெய்தார், மோர் குடித்தார், போனார். அதன்பிறகு அந்தக் கம்ப்யூட்டருக்கு மாதம் இரண்டு தடவை உடம்புக்கு முடியாமல் போனது.

கதை இங்கே கொஞ்சம் திரும்புகிறது. ஒரு வெள்ளிக்கிழமை காலை. ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்க்கிணறு போடும் பெரியசாமி மாமா தன் அக்கா மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை வாங்க வந்திருந்தார். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் மலையேறி சாமி காலடியில் வைக்க வேண்டும். கீழே வண்டியில் பொண்ணு வீட்டார் பூத்தட்டோடு காத்திருந்தார்கள். மாமா பத்திரிகையைக் கையில் வாங்கிச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நின்றுவிட்டார்.

"மணமக்களை வீழ்த்தி அருள வேண்டுகிறோம்."

மாமா நிதானமாகக் கேட்டார்: "ஏஞ்சாமி, யார வீழ்த்தோணும்? பொண்ணையா, மாப்பளையா?"

வாழ்த்தி என்பதை வீழ்த்தி என்று அடித்திருக்கிறேன். எந்த நினைப்பில் அடித்தேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. முத்துசாமி அண்ணன் பேனாவை எடுத்தார். "கல்யாணப் பத்திரிகையில அடிச்சு எழுதறதா? மூடி வைங்க பேனாவ" என்றார் மாமா. ஒரே ஒரு எழுத்து. மாற்றி ஒரு பிரதி எடுத்தால் தீர்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டில் கை வைத்தேன். அசையவில்லை. மவுசும் அசையவில்லை.

அன்றைக்கு நான் தொடவே இல்லை!

கடைக்குப் போன் செய்தேன். எடுத்த அக்கா, "மறுபடியுமா கண்ணு?" என்றார். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம். "ஜெரால்டு பள்ளிபாளையம் போயிருக்காப்ல. தகவல் சொல்றேன், ஆனா வர மத்தியானம் ஆயிரும்." மணி ஒன்பதே முக்கால். முத்துசாமி அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை பாதி போயிருந்தது.

ஆறேழு மாதம் மேசைக்கடியிலிருந்து கேட்ட பாடம் எங்கே போகும்? நம்பர் லாக் அமுக்கினேன். லைட்டு எரியவில்லை. மெஷினை அணைத்துவிட்டு, தாவணியைச் செருகிக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தேன். பின்கள் அவையவை இடத்தில்தான் இருந்தன. கழற்றி வெளிச்சத்தில் காட்டினால், ஊதாவுக்குள் இருக்கும் ஊசிகளில் ஒன்று வளைந்து பக்கத்து ஊசிமேல் சாய்ந்து கிடந்தது. நான் கழற்றிக் கழற்றி மாட்டியதில் வந்த வினை. என் திருட்டு என்னையே பிடித்துவிட்டது.

"டார்ச்சு!" என்று கத்தினேன். டார்ச்சோடு உள்ளே வந்தது பெரியசாமி மாமா. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு, மேசைக்கடியில் தவழ்ந்து வருகிறார். நான் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஊசியை நிமிர்த்தினேன்.

"மெதுவா சாமி, மெதுவா. எங்க ரிக்கு கம்ப்ரசர் ஓசு பைப்பும் இப்பிடித்தான். நேரா மாட்டலீன்னா வேலைக்காகாது."

"லைட்ட ஆட்டாதீங்க மாமா!"

"நான் ஆட்டுலீங்க சாமி, நீங்கதான் மேசையில முட்டறீங்க."

நேராக்கிச் செருகினேன். மெஷினைப் போட்டோம். திரை வருவதற்குள் முத்துசாமி அண்ணன் இரண்டு முறை திருச்செங்கோட்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டார். நம்பர் லாக்கை அமுக்கினேன். பச்சையாக ஒரு புள்ளி எரிந்தது.

"தண்ணி வந்துருச்சு!" என்று கத்தினார் மாமா. கீழே வண்டியில் இருந்தவர்கள் என்னமோ ஏதோவென்று ஓடி வந்தார்கள். ஆயிரம் அடி போர் போட்டுத் தண்ணீர் பார்த்த மனிதர், அந்தச் சின்ன விளக்கைப் பார்த்து அப்படிக் குதித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தனியாகச் சிரிப்பு வரும். வீழ்ந்ததை வாழ வைத்து, ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். வண்டி மலைப்பாதையில் பறந்தது. பத்து இருபதுக்கு வைத்துவிட்டதாகக் கோயிலிலிருந்தே போன் வந்தது.

அரை மணி நேரத்தில் ஜெரால்டு வந்து சேர்ந்தார். பள்ளிபாளையத்தில் பாதி வேலையை அப்படியே போட்டுவிட்டு மொபெட்டில் வந்திருக்கிறார். சட்டையெல்லாம் புழுதி.

"ஓடுதே!" என்றார்.

"ஓடுதுங்க. நானே சரி பண்ணிட்டனுங்க."

"பின்னு மாறியிருந்ததா?"

"இல்லீங்க, இன்னிக்கு நெசமாவே ரிப்பேருங்க." சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் குனிந்து ஹெல்மெட்டைத் துடைத்தார். "கழண்டு போற பின்னு கீழதாங்க விழும். எழுந்து போய் பக்கத்து ஓட்டையில உக்காராது. ரெண்டாவது தடவையே எனக்குத் தெரியும்."

எனக்குக் காது சுட்டது. "அப்பறம் எதுக்குங்க வந்தீங்க, இத்தன தடவ?"

"கூப்பிட்டீங்களே" என்றார்.

முத்துசாமி அண்ணன் அச்சு இயந்திரத்துக்குப் பின்னால் இருமினார். மோர் கொண்டுவருகிறேன் என்று போனவள், வெறும் டம்ளரோடு திரும்பி வந்தேன்.

ஜெரால்டு வீட்டார் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள்; நாங்கள் பெரியசாமி மாமா ஊர்ப்பக்கத்து விவசாயக் குடும்பம். அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றதும் எங்கள் வீட்டில் ஒரு வருடம் என்னோடு யாரும் பேசவில்லை. கடைசியில் மாமாதான் என் அப்பாவிடம் போய் உட்கார்ந்து, "உம்ம புள்ள எடுத்த காரியத்த முடிக்கற புள்ள. நான் மேசைக்கடியில இருந்து பார்த்தவன்" என்றாராம். அதற்கு அப்பா என்ன சொன்னார் என்று தெரியாது. ஆனால் கல்யாணத்துக்கு வந்தார். எங்கள் பத்திரிகையை நான்தான் அடித்தேன், மூன்று பேர் பிழை பார்த்தார்கள்.

அச்சகம் இருந்த கட்டடத்தில் இப்போது செல்போன் கடை. பத்திரிகைகள் படமாகப் போனிலேயே வந்துவிடுகின்றன. வட்ட ஓட்டை வைத்த மெஷின் எங்கேயும் இல்லை. ஜெரால்டு இன்னும் கம்ப்யூட்டர்தான் சரிசெய்கிறார், ஆனால் வீட்டிலிருந்தபடியே. காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, எங்கோ இருக்கிறவரின் திரைக்குள் புகுந்து முடித்துவிடுகிறார். யாருக்கும் அவர் முகம் தெரியாது. அவருக்கும் யார் முகமும் தெரியாது. முன்பெல்லாம் காலையில் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து, "இன்னிக்கு எந்த ஊருங்க?" என்று வாசல்வரை போய்க் கேட்பேன். குமாரபாளையம் என்பார், ராசிபுரம் என்பார். அந்தக் கேள்வி எங்கள் வீட்டை விட்டுப் போய் நாலைந்து வருடம் ஆகிறது.