ஏழு பேருக்கு ஊதிய பவுல்

பவுல் இன்றுவரை என்னிடம் நல்லவிதமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதற்கும் "எழுதிக் கிழிச்சே" என்றுதான் பதில் வந்தது. ஆகவே இது அவர் சொல்லக் கேட்டு எழுதியதில்லை. நான் பார்த்ததும், அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும்தான்.

திரேஸ்புரத்துக்காரர். பதினாறு வயதில் சங்கு குளிக்க இறங்கியவர். இப்போது போகிறவர்கள் கம்பிரசர் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். பவுல் படித்தது வெறும் மூச்சில். ஐம்பது அடி ஆழத்தில், மணலில் பாதி புதைந்திருக்கும் சங்கைத் தடவி எடுத்துப் பையில் போட்டு மேலே வருகிறவரை ஒரே மூச்சு. பிறகு அவரும் குழாய்க்கு மாறினார். ஒருநாள் வேகமாக மேலே வந்ததில் இடது காது ஜவ்வு கிழிந்து கேட்காமல் போனது. இனிமேல் தண்ணீரில் இறங்காதே என்று டாக்டர் சொன்னபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. அதன்பிறகு வந்து சேர்ந்த இடம்தான் கரி யார்டு.

கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரியை லாரியில் ஏற்றி அனுப்புகிற தனியார் யார்டு அது. மெஷின் ஒரு வாளி கரியை மேலிருந்து கொட்டும். லாரிமேல் நிற்கிற ஆள் அதை மண்வெட்டியால் நிரவிவிட்டுத் தார்ப்பாய் கட்ட வேண்டும். கொட்டும்போது கிளம்புகிற தூசி அவன் மேல்தான் இறங்கும். தண்ணீர் தெளிக்கும் வண்டி ஒன்று உண்டு. யாராவது பார்வையிட வரும் நாளில் அது ஓடும்.

நான் ஏரல் பக்கத்துக் கிராமம். அப்பா வாழைத்தார் சுமக்கிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எம்.எஸ்சி. முடித்துக் கழுத்தில் அடையாள அட்டையோடு அந்த யார்டுக்குள் நுழைந்தபோது கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன். அதற்காக இப்போதும் வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேறு விஷயம் இருக்கிறது.

யார்டு முதலாளிகளின் சங்கம் நான் வேலைபார்த்த கல்லூரிக்கு ஆராய்ச்சி உதவி கொடுத்திருந்தது. கரித்தூசி தொழிலாளர் நுரையீரலை என்ன செய்கிறது என்று கண்டறிய வேண்டும். தொடக்க விழாவில் பேனர் கட்டி, பொன்னாடை போர்த்தி, எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள். மூச்சை அளக்கும் மெஷின், லேப்டாப், என் சம்பளம் எல்லாமே சங்கத்தினுடையது. சங்கத்தின் சார்பில் வந்து போனவர் ஷாம் என்ற பாதுகாப்பு அதிகாரி. நாசரேத்துக்காரர், குரலே உயராது. அந்த மாதிரி ஆளிடம்தான் நான் ஏமாறுவேன் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

முதல் நாள் தகரக் கொட்டகையில் தொழிலாளர்களை உட்காரவைத்துப் பேசினேன். "இது ஆராய்ச்சி. ஒங்க பேரு வெளிய போவாது. பயப்படாம ஊதுங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், காது கேட்காதவர்கள் பேசுகிற சத்தத்தில். "ஏலே தம்பி, மிசினு யாரு வாங்கிக் குடுத்தா?"

"முதலாளிமாரு சங்கம்."

"ஒனக்குச் சம்பளம்?"

"அவங்கதான்."

"பொறவு பேரு வெளிய போவாதாம்ல! எங்க போவும்? நேரா முதலாளி மடியில போயி உக்காந்துக்கிடும்."

அதுதான் பவுல். கொட்டகையே சிரித்தது. படிக்காதவர்களின் வீண்சந்தேகம் என்று அன்றைக்கு என் நோட்டில் எழுதினேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

குறைவாக ஊதுகிறவனுக்கு யார்டுக்குள் நுழைகிற கேட் பாஸ் போய்விடும் என்று மறுநாளே பேச்சு பரவிவிட்டது. அது எனக்குத் தெரியாது. ஷிப்ட் மாறும் நேரத்தில் வரிசையாக வந்து ஊதினார்கள். துண்டை நெற்றிவரை இழுத்துக் கட்டி, கரி அப்பி, கண்ணும் பல்லும் மட்டுமே தெரிகிற முகங்கள். பாஸில் இருந்த போட்டோக்களுக்கும் அதே கதி. நான் பாஸ் நம்பரைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

காசிலிங்கம் என்ற பாஸோடு வந்தவர் குழாயை வாயில் வைக்குமுன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். தூத்துக்குடியில் பனிமயமாதா கோயிலுக்குப் போகாதவர் யார், காசிலிங்கமும் போகிறவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து லிட்டர் ஊதினார். "பிரமாதம் அண்ணாச்சி" என்று பாராட்டவும் செய்தேன்.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போதுதான் உறைத்தது. நாற்பத்திரண்டு பேரில் முப்பத்து நான்கு பேரின் மூச்சு இரண்டு, இரண்டரை, மிஞ்சினால் மூன்று லிட்டர். எட்டுப் பேருக்கு மட்டும் ஐந்து. மெஷின் வரைந்த அந்த எட்டு மூச்சுக் கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் காப்பி எடுத்த மாதிரி இருந்தன. ஒன்று பவுலின் பெயரில். மற்றவை வேறு ஏழு பெயர்களில்.

யார்டு வாசல் டீக்கடையில் அவரைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, ஏழு பேருக்கு நீங்கதான் ஊதிருக்கீங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"ஆராய்ச்சியே பொய்யாப் போயிருமே."

"போட்டும். காசிலிங்கத்த ஊதச் சொன்னா இருமி இருமி ஒம்மேலயே கரியத் துப்பிருப்பான். மறுநா கேட்டுல நிறுத்திருப்பானுவ. ஒஞ் சட்டையும் தப்பிச்சி, அவம் பாசும் தப்பிச்சி. போய்ச் சொல்லு பாப்போம், ஒரே நாள்ல ஏழு வீட்டு அடுப்ப அணைச்ச பயன்னு ஒன்னத் தேடிவந்து மால போடுவாவ."

நான் சொல்லவில்லை. ஏழு வீட்டுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், மாதக் கடைசிக்குள் அறிக்கை வேண்டும் என்று பேராசிரியர் நெருக்கினார், நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த எட்டு ஐந்து லிட்டர்கள் தூக்கிவிட்டதில், யார்டில் தொழிலாளர்களின் சராசரி மூச்சு திருப்திகரம் என்று வழவழப்பான தாளில் அறிக்கை வந்தது. ஷாம் என் கையைக் குலுக்கினார். அடுத்த வருடம் மெஷினும் இல்லை, உதவியும் இல்லை. கேட்டவர்களுக்குக் கேட்டது கிடைத்துவிட்டது, பிறகு எதற்கு?

நான்கு வருடம் போனது. நான் டவுனில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒருநாள் காலை பவுல் உள்ளே வந்தார். பின்னாலேயே ஒரு அம்மா, காசிலிங்கத்தின் மனைவி சங்கரம்மாள்.

காசிலிங்கம் லாரி மேலிருந்து மயங்கி விழுந்திருக்கிறார். படம் எடுத்துப் பார்த்ததில் நுரையீரல் முழுக்கத் தூசி படிந்து இறுகியிருக்கிறது. இது கரியால் வந்த நோய், நாங்கள் பொறுப்பு என்று யார்டு ஒத்துக்கொண்டால்தான் அவர்கள் செலவில் வைத்தியம் நடக்கும். யார்டு மறுத்தது. வழக்கு விசாரணைக்குப் போனது. அங்கே ஷாம் ஒரே ஒரு தாளை நீட்டியிருக்கிறார். காசிலிங்கம், ஐந்து லிட்டர், கீழே பரிசோதித்தவர் என்று என் கையெழுத்து. பத்து வருடம் யார்டில் இருந்தபிறகும் இவருக்கு இந்த மூச்சு இருந்திருக்கிறது, அப்புறம் பீடி குடித்துக் கெடுத்துக்கொண்டால் நாங்கள் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். தனித்தனித் தாள்களையும் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. எம்.எஸ்சி. படித்த நான் அந்த ஒப்பந்தத்தைப் படித்ததில்லை. படிக்காத பவுலுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது.

"நீ ஊதுன ஊது எம் புருசந் தலையில விடிஞ்சிருக்கு," என்று சங்கரம்மாள் என் எதிரிலேயே பவுலைப் பிடித்துக்கொண்டாள். "பீடிய மோந்துகூடப் பாக்காத மனுசன். ஒன்ன யாரு ஊதச் சொன்னா?"

"ஒம் புருசந்தான் சொன்னான். கையப் புடிச்சிக் கெஞ்சினான்."

"கெஞ்சினா ஊதிருவியோ? கெணத்துல குதின்னா குதிப்பியோ?"

"கத்தாத ஏளா. எனக்கு ஒரு காதுதான் இருக்கு." பவுல் என் பக்கம் திரும்பினார். "நாளைக்கி விசாரண. ஊதுனது நாந்தான்னு சொல்லப் போறேன். நீயும் வாரே. வரலன்னா நாளன்னைக்கி இங்கனயே வந்து மானத்த வாங்குவேன்."

சொன்னால் ஆள்மாறாட்டம் என்று உங்கள் பாஸ் போய்விடுமே என்றேன்.

"ஒன்ட்ட யோசன கேட்டனா?"

விசாரணை அறையில் தொழிலாளர் துறை அதிகாரி, ஷாம், யார்டு வக்கீல். பவுல் நின்றுகொண்டே சொல்லி முடித்தார். ஷாம் கோபப்படவில்லை. "சரி பவுல். கேஸுக்குக் காட்ட அந்த மெஷினைக் கொண்டுவந்திருக்கோம், பக்கத்து அறையில இருக்கு. அதே ஐந்து லிட்டரை இப்போ ஊதிக் காட்டுங்க, ஒத்துக்கிடுதோம்" என்றார்.

பவுல் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். "கொண்டாங்க."

மூன்று முறை ஊதினார். நான்கு. நான்கு பாயிண்ட் ஒன்று. கடைசி முறை கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, மேசையைப் பிடித்துக்கொண்டு ஊதினார். மறுபடி நான்கு. "மிசினு சரியில்ல" என்றார்.

"பார்த்தீங்களா சார்?" என்றார் ஷாம். "நண்பருக்காகப் பொய் சொல்லுதார்."

என் பையில் பவுலின் பழைய தாள் இருந்தது. தன் பெயரில், தானே ஊதியது. அவரவர் தாளை அவரவர் கேட்டால் கொடுக்கலாம் என்பதால் முந்தின நாளே அவரிடம் எழுதி வாங்கி, கல்லூரியிலிருந்து எடுத்து வந்திருந்தேன். அதை ஷாமின் தாளோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு கோடும் ஒரே கோடு. தாள்களில் பதிவான நேரம் நான்கு நிமிடம் முன்பின். இரண்டு ஆளின் மூச்சு இப்படிப் பொருந்தாது என்று அதிகாரியிடம் சொன்னேன். ஆளைப் பார்க்காமல் அளந்தது என் தப்பு, பிறகு தெரிந்தும் மூடி மறைத்தது அதைவிடப் பெரிய தப்பு என்றும் எழுதிக் கொடுத்தேன்.

"அப்போ இவருக்கு இன்னைக்கு ஏன் நாலுதான் வருது?" என்று கேட்டார் அதிகாரி.

"அத சங்கத்துக்கிட்டதான் சார் கேக்கணும். நாலு வருசமா அதே லாரி மேலதான் நிக்காரு. இதுதான் அவங்க காசு குடுத்த ஆராய்ச்சியோட முடிவு."

ஷாம் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "உன் படிப்புக்குச் சோறு போட்டது யாருன்னு மறந்துட்டியா?"

"எங்கப்பா" என்றேன்.

அந்தத் தாள் செல்லாது என்று அதிகாரி எழுதினார். காசிலிங்கத்தை அரசு மருத்துவமனையில் மறுபடி சோதித்தார்கள். ஒன்றே முக்கால் லிட்டர். நோய் யார்டில் வந்தது என்று தீர்ப்பானது. ஆக்சிஜன் மெஷின் வந்திருக்கிறது. சங்கரம்மாள் இப்போதும் பவுலைக் கண்டால் திட்டுகிறாள், ஆனால் சாப்பாடு போட்டுவிட்டுத் திட்டுகிறாள்.

பவுலின் பாஸை மறுநாள் காலையே கேட்டில் பிடுங்கிக்கொண்டார்கள். இப்போது திரேஸ்புரத்தில் வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருக்கிறார். நீங்களும் வழக்குப் போடுங்கள், அன்றைய ஐந்தும் இன்றைய நான்குமாக உங்கள் இரண்டு தாளே போதும் என்று படிவத்தோடு போனேன்.

"தொழில்னு என்ன எழுதுவே?"

"கரி நிரவுற வேலை. அப்பத்தான் கேசு நிக்கும்."

"சங்கு குளிக்கிதவன்னு எழுது."

"அண்ணாச்சி, அப்படி எழுதினா ஷாமுக்கு நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி. கடல்ல கெட்டுப்போச்சும்பான்."

"கடல்ல எனக்குப் போனது காது. மூச்சு போவல. அத எந்த நாயும் மாத்தி எழுதப்படாது."

"அதத்தான் அண்ணாச்சி நானும் சொல்லுதேன். கடல்ல போவல, கரியில போச்சின்னு எழுதணும்."

கோத்துக்கொண்டிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"மொதல்ல சங்கு குளின்னு எழுது. எத்தன வருசம்னும் எழுது. கீழ சின்னதா கரியப் போட்டுக்கோ. பெருசா எழுதுனே, கிழிச்சிருவேன்."

அப்படியே எழுதினேன். எழுத்தின் அளவைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.