பூமணி மிஸியின் பின்சில்லு

இல்லை, கடைசிவரைக்கும் கழற்ற முடியவில்லை. செத்தவீட்டுப் பந்தலில் ஆளுக்காள் என்னிடம் கேட்டது அதைத்தான். "தம்பி, மிஸியின்ரை சைக்கிள் சரிவந்ததோ?" சரிவரவில்லை. போதுமா?

செய்தியைக் கொண்டுவந்தவர், ஒட்டுப்போட எங்கள் சைக்கிள் கடைக்கு வந்த மீன்காரர். நான் ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கிக் காற்றுப்போகும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். "பூமணி மிஸி காலமை செத்துப்போட்டாவாம். மலேரியா மூளைக்கு ஏறீட்டுதாம்" என்றார். அப்போது மிஸியின் பின்சில்லு என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. காய்ச்சலில் விழுந்த மறுநாளே சைக்கிளை என்னிடம் அனுப்பியிருந்தார். "நான் படுத்திருக்கேக்கையாவது அந்தப் பல்லுச்சில்லைக் கழட்டி முடிக்கச் சொல்லுங்கோ" என்பது சொல்லியனுப்பிய வார்த்தை.

இந்தப் பக்கத்துப் பிள்ளைப்பேறு முழுக்க அவர் கையில்தான் நடந்தது, உங்களுக்குத் தெரியும். சைக்கிள் நின்றால் அவரும் நிற்க வேண்டும். அது நின்றதும், அதை நான் பாழாக்கியதும் ஒரே நாளில், எட்டு மாதத்துக்கு முன்.

பிறீவீல், அதுதான் சங்கிலி ஓடும் பின்பல்லுச்சில்லு, உள்ளுக்குள் தேய்ந்துவிட்டது. மிதித்தால் பெடல் சும்மா சுற்றும், சைக்கிள் நகராது. கையால் உருட்டிக்கொண்டு வந்தார். அது மிதிக்க மிதிக்க இறுகும் சாமான். பதினாலு வருசம் மழை வெயில் பாராமல் அவர் மிதித்த மிதியெல்லாம் அதற்குள் இறுகிக் கிடந்தது. அதைக் கழற்றும் சாவியைக் கடைக்கார அண்ணர் முள்ளிவாய்க்காலுக்குக் கொண்டுபோயிருந்தார். பின்னேரம் வந்துவிடுவார். பொறுத்திருக்கலாம். பொறுமை இருந்தால் நான் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டிருப்பேனா? உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். இரண்டாம் அடியில், சாவி பிடிக்கும் வெட்டு உடைந்து பறந்தது. இனிச் சாவி வந்தும் பயனில்லை.

"எத்தினை பேற்றைப் பாத்தனான், ஒண்டையும் இப்பிடி அடிச்சு வெளியிலை எடுக்கேல்லையடா" என்றார் மிஸி. "எனக்கு ஒண்டும் தெரியாது. சில்லு சுத்துதோ இல்லையோ, நான் அங்கை நிக்கோணும். பிள்ளை பெற இருக்கிறவளுக்கு நோக்காடு தொடங்கீட்டுது."

பல்லுச்சில்லைக் கட்டுக்கம்பியால் சில்லின் கம்பிகளோடு பிணைத்துக் கொடுத்தேன். அப்படிக் கட்டினால் சைக்கிள் ஓடும். ஆனால் பெடல் நிற்காது. சில்லு சுற்றும் வரைக்கும் காலும் சுற்ற வேண்டும். "ரண்டு நாளைக்குச் சமாளியுங்கோ மிஸி" என்றேன். எட்டு மாதம் சமாளித்தார்.

இரணைமடுக் குளக்கட்டிலிருந்து அவர் இறங்கி வந்ததைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கால் இரண்டும் பறக்க, "விலகுங்கோ, கால் நிக்காது!" என்று கத்திக்கொண்டு வந்தார். வயலில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நேரே கடைக்கு வந்து மூச்சு வாங்கினார். "உன்ரை வேலையாலை எனக்கு இறக்கமும் ஏத்தமாப் போச்சு."

நான் சும்மா இருக்கவில்லை. கிழமைக்கொருமுறை முயன்றேன். நெருப்பில் காட்டினேன், சுடுதண்ணீர் ஊற்றினேன். பொருளாதாரத் தடையால் புதுச்சில்லு வராமல், மண்ணெண்ணெயும் துளித்துளியாகக் கிடைக்கும் இந்தக் காலத்தில், மிஸி ஒரு மருந்துப்போத்தல் நிறையக் கொண்டுவந்தார். "விளக்குக்கு வைச்சது. ஊத்து." பிறீவீல் எல்லாவற்றையும் குடித்துவிட்டு அப்படியே இருந்தது. ஆத்திரத்தில் சில்லை உதைத்தேன்.

"அதை ஏன் உதைக்கிறாய்? வெட்டை உடைச்சது நீ" என்றார்.

ஒரு நாளும் அவர் எனக்கு ஆறுதல் சொன்னதில்லை. வேறு கடைக்கும் போனதில்லை. அது ஏன் என்று கேட்க நினைத்திருந்தேன்.

அவர் படுத்திருந்த நாட்களில் கம்பிக்கட்டை வெட்டி, பிறீவீலின் மேல்மூடியைத் திருகி, உள்ளிருந்த சின்ன இரும்புக்குண்டுகளையெல்லாம் கொட்டிவிட்டேன். சில்லோடு இறுகிய உள்வளையம் மட்டும் வரவில்லை. இப்போது திரும்பக் கட்டவும் வழியில்லை. அவர் ஓடித்திரிந்த சைக்கிளை ஓடாத சைக்கிளாக்கி வைத்திருக்கிறேன், அவர் எழும்பவில்லை. செத்தவீடு முடிந்து வந்தும் அடித்தேன். வரவில்லை. கை கிழிந்ததுதான் மிச்சம்.

அவருடைய சாமான் என்று என்னிடம் இருப்பது அந்தச் சில்லும், மண்ணெண்ணெய் மணக்கும் வெறும்போத்தலும். வெட்டை உடைத்தது நான் என்று அவர் சொன்ன பேச்சும் இருக்கிறது. அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

புது மிஸி பையோடு கடை வாசலில் நிற்கிறார். குளத்துப் பக்கம் ஒருத்திக்கு நோக்காடாம். இனி அவர் ஓட வேண்டிய சைக்கிள் இங்கே பிரிந்து கிடக்கிறது. "என்ரை கரியரிலை ஏறுங்கோ மிஸி" என்று சொல்லிவிட்டேன். நான் போக வேண்டும்.