பிடித்த கையை விட வைத்த கதை: பெரம்பலூரிலிருந்து அரியலூர்

பக்கவாதம் வந்து எட்டு மாதம். போன ஞாயிறுதான் முதன்முதலாகத் தனியாகப் பஸ் ஏறினேன். அரியலூரில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் நான். "முடியலன்னா சொல்லுண்ணே, பெரியப்பா மவன் மடியில வச்சிக்கலாம்" என்று தங்கை போனில் சொன்னாள். அக்கறைதான், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

பெரம்பலூரில் காலை 7.10க்கு வண்டி. சுமார் முப்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து 8.20க்குப் போய்ச் சேர்ந்தோம்.

நீட்டு என்று நினைத்தால் கை நீளும் என்று நாற்பது வருடம் நம்பியிருந்தவன் நான். இடப்பக்க மூளையிலிருந்து உத்தரவு கிளம்பி, எதிர்ப்பக்கம் தாண்டி, தண்டுவடத்தில் இறங்கி, நரம்பு வழியாக வலது கைத் தசைக்கு வர வேண்டுமாம். தசையில் பழுதில்லை, சேதிதான் சரியாக வரவில்லை. திரும்பத் திரும்பப் பழக்கினால் மூளையில் வேறு இடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் என்றார் பிசியோதெரபி பார்க்கும் அம்மா. "மூடுறது சீக்கிரம் வந்துரும் சார், தொறக்கறதுதான் லேட்டாவும்."

அது பஸ்ஸிலேயே தெரிந்துவிட்டது. கம்பியைப் பிடித்த கை ஸ்டாண்டு வந்தும் விடவில்லை.

"சார், எறங்குங்க."

"கை வுட மாட்டேங்குதுங்க."

கண்டக்டர் விரலைப் பிரிக்க வந்தார். இழுத்தால் இன்னும் இறுகும் என்றேன். "அப்ப நிதானமா வாங்க, வண்டி எங்கயும் ஓடிடாது" என்று விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மூச்சை விட்டு, விரலையே பார்த்து, விடு விடு என்று மனதுக்குள் சொன்னேன். அரை நிமிடத்தில் விட்டது.

கோயிலுக்கு ஆட்டோ அறுபது ரூபாய். மூன்று வயதுப் பாப்பாவை மடியில் வைத்து, வலது கையால் பாவாடையோடு சேர்த்து அணைத்தேன். ஆசாரி குத்தினார், அவள் வீறிட்டுத் துள்ளினாள், என் பிடி அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை! தங்கை குழந்தையைத் தூக்க வந்தாள். கை விட்டால்தானே?

"மாமன் பொண்ண குடுக்க மாட்டேங்குறாரு" என்று கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு என் விரல்களைப் பார்த்தாள். ஒன்று பிரிந்தது. "மாமா, இன்னொன்னு" என்றாள். அடுத்ததும் பிரிந்தது.

என்னைப் போல் கிளம்புகிறவர்களுக்கு: ஞாயிறு காலை வண்டியில் கூட்டம் குறைவு. முன்வாசல் பக்கம் உட்காருங்கள். கண்டக்டரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். நிறுத்தம் வருவதற்கு முன்பே கையை விடத் தொடங்குங்கள்.

அன்று கோயிலில் என் ஐந்து விரலும் பிரிந்ததும், தங்கை கையை நீட்டிக்கொண்டு நின்றாள். இப்போது பாப்பாவை யாரும் பிடித்திருக்கவில்லை. ஆனாலும் அவள் என் மடியை விட்டு இறங்கவே இல்லை.